மூன்றாம் தடவையும் அதே கீரியா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

வேலைக்குப் போகிற வழியில், ஒரே இடத்தில், ஒரு கீரி குறுக்கே ஓடுகிறது. முதல் நாள் கண்டுகொள்ளவில்லை. மறுநாளும் ஓடுகிறது. மூன்றாம் நாள் வண்டியை மெதுவாக்கிப் பார்க்கிறீர்கள், அது வேலியோரம் நின்று உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகிறது. அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கும். சொன்னால் தீர்ந்தது. கீரி குறுக்கே போனால் போகிற காரியம் ஜெயம் என்பார் ஒருத்தர். இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்று விசாரணை நடத்துவார் இன்னொருத்தர். எதற்கும் ஒரு சீட்டு வாங்கிப் பாரும்வே என்று மூன்றாமவர். நீங்கள் வீடு வந்து சேர்வதற்குள் கீரி போய்விட்டது, அடுத்தவர் சொன்ன பலன்தான் மிச்சம்.

அந்தச் சாயங்காலத்துக்கு முன்னால் என்ன செய்யலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஒரே விலங்கோ பறவையோ திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டு, இதில் நமக்கு ஏதோ இருக்கிறதோ என்று மனசு அரிக்க ஆரம்பித்தவர்களுக்கு. ஏதோ இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பல்லி விழும் பலன் மாதிரி அது பஞ்சாங்கத்தில் அச்சடித்து வராது. இணையத்தில் தேடினாலும் இதே கதைதான்: வெளிநாட்டுக்காரன் போட்ட பட்டியலில் ஆந்தை என்றால் ஞானம், எங்கள் ஆச்சிக்கு ஆந்தை என்றால் எழவு. ஒரே ஆந்தை!

என் கதையைச் சொல்லிவிட்டு முறைக்கு வருகிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குப் பத்து மரக்கால் விதைப்பாடு இருக்கிறது. அப்பா இருந்தவரை எனக்கும் அந்த வயலுக்கும் பொங்கலுக்குப் போய் எட்டிப் பார்க்கிற உறவு மட்டும்தான். நாலு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம் அப்பா தவறினார். பிசான (இரண்டாம் போக) நெல் பால் பிடித்து நிற்கிறது, தண்ணீர் பார்க்க ஆள் இல்லை. எனக்கு வேலை திருநெல்வேலியில். அதனால் விடிவதற்கு முன் பைக்கில் போய் மடையைப் பார்த்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு அப்படியே ஆபீஸ். முதல் நாளே, கால்வாய்க் கரையிலிருந்து வயலுக்குள் இறங்குகிற இடத்தில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல். ஆக்காட்டி. புத்தகத்தில் சிவப்பு மூக்கு ஆள்காட்டி என்று போட்டிருக்கும். தலைக்கு மேலே வட்டமடித்து, நான் மடையைத் திறந்து மண்ணை வெட்டிப் போட்டு முடிக்கும்வரை திட்டித் தீர்த்தது. மறுநாளும் அதே இடம், அதே திட்டு. ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமலே, "உங்கப்பாவும் வரப்புல ஆள் தல தெரிஞ்சா இப்படித்தான் சத்தம் போடுவாவ" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்தக் கத்தல் என் காதில் வேறு மாதிரி விழ ஆரம்பித்தது. கொஞ்சம் பயம், கொஞ்சம் சந்தோஷம். இது போதாதென்று ஊரில் ஒருவர் பித்ரு தோஷம் என்று சொல்லி, பரிகாரத்துக்கு 1,500 ரூபாய் வாங்கினார். நானும் கொடுத்தேன். பரிகாரம் முடிந்த மறுநாள் காலையிலும் ஆக்காட்டி ஒரு வசவைக் கூடக் குறைக்கவில்லை. அன்றைக்குத்தான் ஆபீஸ் பக்கத்துக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நோட்டு

போனில் குறிக்கலாம் என்பார்கள். குறிக்கலாம்தான், ஆனால் போனைத் திறந்தால் நாலு மெசேஜ் வந்து நிற்கும், அதற்குள் பார்த்தது பாதி மறந்துவிடும். காகிதமும் பென்சிலும் நல்லது. ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, மணி, இடம், அது என்ன செய்தது, நான் என்ன செய்துகொண்டிருந்தேன், மனசு. இடத்தை 'வயல்' என்று எழுதிப் பிரயோசனமில்லை, 'மூணாவது மடைக்குக் கிழக்கே, ஒத்தைப் பனைக்கு நேரே' என்று எழுத வேண்டும். மனசு என்ற கட்டத்தில் கவிதை வேண்டாம். இரண்டு சொல் போதும். என்னுடைய ஒன்றைக் காட்டுகிறேன்:

மாசி 9. காலை 5.40. ஒத்தைப் பனைக்கு நேரே. ரெண்டு. ஒன்று கத்தியது, ஒன்று தரையில் ஓடியது. மடை திறந்தேன். தூக்கம் இல்லை.

அப்புறம், எல்லாரும் விட்டுவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. பார்க்காத நாளையும் எழுதுங்கள். போனேன், இல்லை. இது மிக மிக முக்கியம். வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருந்தால் தெருவில் போகிற பெண்களில் பாதிப் பேர் வயிற்றுப் பிள்ளைக்காரிகளாகத் தெரிவார்கள், தெரியும்தானே. கண் எதைத் தேடுகிறதோ அதை எண்ணும், மற்றதைத் தள்ளிவிடும். பார்க்காத நாள் நோட்டில் இல்லையென்றால் 'தினமும் வருகிறது' என்று நீங்கள் சத்தியமே செய்வீர்கள், அது வாரத்தில் மூன்று நாள்தான் வந்திருக்கும்.

முதல் ஒரு மாதம் அர்த்தம் என்ற சொல்லை நோட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். பார்த்தது மட்டும்.

அதன் பெயரும் பிழைப்பும்

அடுத்தது, அந்த ஜீவன் அங்கே என்ன வேலையாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பெயர் தெரியவில்லையென்றால் மெர்லின் மாதிரி செயலி பறவைக் குரலைக் கேட்டே சொல்லிவிடும். ஆனால் செயலிக்கு முன்னால் ஆடு மேய்க்கிறவர், மடை பார்க்கிறவர், பனையேறுகிறவர் யாராவது அகப்பட்டால் அவரிடம் கேளுங்கள். செயலி பெயரைச் சொல்லும். இவர்கள், அது எந்த மாதம் எங்கே குஞ்சு பொரிக்கும், எதைத் தின்னும், யாருக்குப் பயப்படும் என்று சொல்வார்கள்.

ஆந்தையையே எடுத்துக்கொள்வோம். பழைய வீட்டின் மச்சில், கோயில் மாடத்தில், பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடக் கட்டிடத்தில் அடைகிற வெள்ளை முகக் கூகை ராத்திரி வெளியே வந்து கிரீச்சிட்டால் தெருவே கலங்கிப்போகும். அது அடைகிற இடத்துக்குக் கீழே பகலில் போய்ப் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் கருப்பாக உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று நினைப்பீர்கள், அது கக்கிப் போட்டது. எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் இப்படி உருட்டிக் கக்கிவிடும். ஒரு குச்சியால் பிரித்துப் பார்த்தால் உள்ளே எலி மண்டையோடு பல்லோடு கிடைக்கும். ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்தவருக்கு அப்புறம் அந்தப் பறவை எமதூதனாகத் தெரியாது, நெல் மூட்டைக்குக் காவல்காரனாகத்தான் தெரியும். கீரிக்கும் அப்படியே ஒரு காரணம் இருக்கும். அது பகலில் இரை தேடுகிற பிராணி, வேலியோரமாகத் தனக்கென்று ஒரு தடம் வைத்திருக்கும். உங்கள் ஆபீஸ் நேரம் அதன் சாப்பாட்டு நேரத்தில் வந்து முட்டுகிறது, அவ்வளவுதான்.

கூந்தன்குளத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், இந்த விஷயம் ரத்தத்தில் ஏறும். நாங்குநேரி வட்டம், மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், இப்போது ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் இருக்கிறது. அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு மரங்களில் கூடு கட்டும். கூட்டிலிருந்து மீன் விழும், எச்சம் விழும், நாற்றத்தைச் சொல்லி மாளாது. யாரும் கல்லெடுப்பதில்லை. மத்திய ஆசியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. அந்த ஊரில் கேட்டால், பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பார்கள். நம்பிக்கை என்று நாம் சிரிக்கலாம். ஆனால் குளம் பெருகின வருடம்தான் பறவை நிறைய வரும். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்குப் போனால் அதுவே உரம். ஆகவே அந்த நம்பிக்கைக்குள் மழையும் உரமும் விளைச்சலும் உட்கார்ந்திருக்கின்றன. அர்த்தம் என்று ஒன்றைத் தேடினால் இப்படிக் காலில் சேறு ஒட்டினதாகத் தேட வேண்டும் என்பது என் கட்சி. ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள், வெயிலுக்கு முன் போங்கள், கலர்ச்சட்டை வேண்டாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் திருநெல்வேலி டவுன் நயினார் குளம் இருக்கிறது. ஒரு நாரையைப் பத்து நாள் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்தால் போதும், பழக்கம் வந்துவிடும்.

கழித்தல்

இப்போது நோட்டை எடுத்து, காரணம் தெரிந்த சந்திப்பையெல்லாம் கழியுங்கள். அதன் இடத்துக்கு நீங்கள் போனீர்களா? இனப்பெருக்கக் காலமா? உங்கள் வீட்டில் மிஞ்சின சோறு வெளியே கிடக்கிறதா? பாபநாசத்தில் ஒருத்தர் என்னிடம் ரொம்ப உருக்கமாகச் சொன்னார், ஒரு குரங்கு தன்னை மட்டும் தேடித் தேடி வருகிறதாம், போன ஜென்மத்துத் தொடர்பாம். அண்ணாச்சி கையில் ஒரு மஞ்சள் பை. அது தேடியது பையை.

என் நோட்டில் ஐந்து வாரம் ஆனதும் கழித்துப் பார்த்தேன். ஆக்காட்டி வயலின் மேற்குப் பக்கம் ஒரு நாள்கூடக் கத்தவில்லை, எல்லாக் கத்தலும் ஒத்தைப் பனையைச் சுற்றித்தான். என்னைப் பார்த்து மட்டும் கத்தவில்லை, ஆட்டைப் பார்த்துக் கத்தியது, கிடை போட வந்த கோனாரின் நாயைப் பார்த்து என்னைவிட அதிகமாகவே கத்தியது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாய் மேல் எனக்குப் பொறாமை வந்தது.

கழித்த பிறகு மீதி ஒன்றும் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். பெரும்பாலும் மீதி பூஜ்யம்தான் வரும். அது வரட்டும், வந்தால்தான் அடுத்த வேலை ஆரம்பிக்கும்.

கரடிக்கு அர்த்தம் தேட வேண்டாம்

நடுவில் இதைச் சொல்லிவிட வேண்டும். களக்காடு முண்டந்துறை 1988இல் புலிகள் காப்பகமானது, அதன் மையப் பகுதி மட்டும் கிட்டத்தட்ட 895 சதுர கிலோமீட்டர். அதன் அடிவாரம் நெடுக ஊரும் வயலும் தோப்பும். கடையம், அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு ஓரங்களில் கரடியும் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் இறங்குவது புதுசில்லை. கரடியை ரெண்டு தடவை பார்த்துவிட்டேன், மூணாவது தடவை பார்த்தால் ஏதோ அழைப்பு என்று யாராவது சொன்னால், அவரை வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துங்கள். கரடி பழத்துக்கும் கரையான் புற்றுக்கும் வருகிறது. திடீரென்று நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் ஓடாது, பாயும். தனியாகப் போகாதீர்கள், டார்ச் அடித்துப் பேசிக்கொண்டே போங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். நோட்டுக்கு வேறு ஜீவன் கிடைக்கும். விலங்கைத் தேடி அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நுழைகிற வேலையும் ஆகாது. இந்தக் கட்டுரை தானாக எதிர்ப்படுகிறவர்களைப் பற்றியது.

கடைசிக் கட்டத்தை வாசிப்பது

சரி, மீதி பூஜ்யம். இப்போது ஒரு மாதம் எழுதின 'மனசு' கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே, வேறு எதையும் பார்க்காமல், ஒரே மூச்சில் வாசியுங்கள். என்னுடையது இப்படி ஓடியது: தூக்கம் இல்லை. தூக்கம் இல்லை. எரிச்சல். பயம். அப்பா சட்டையைப் போட்டிருந்தேன். எரிச்சல். ஒன்றுமில்லை. அம்மாவிடம் சண்டை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

பறவையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, பார்த்தீர்களா? பறவை ஏன் வருகிறது என்ற கேள்விக்குப் பதில் பறவையிடமே இருக்கிறது, இரண்டாவது படியிலேயே கிடைத்துவிட்டது. நூறு ஜீவன் கண்ணில் பட இதை மட்டும் நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்ற கேள்வி பாக்கி. அதற்கான பதில் இந்தக் கட்டத்தில் இருக்கும். அவசரப்பட்டு வாக்கியமாக எழுதிவிடாதீர்கள், எழுதினால் அது பொய்யாகிவிடுகிறது. திரும்பப் போய் ஜீவனைப் பாருங்கள். இந்த முறை கிட்ட இருந்து, அதிக நேரம்.

நான் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். அறுவடை முடிந்து வயல் தரிசு. கட்டி கட்டியாக வெடித்துக் கிடக்கிறது. உடைமரத்து நிழலில் உட்கார்ந்தேன். ஆக்காட்டி முட்டையிட்டிருந்தது. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒத்தைப் பனைக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும், நடுவில் மண் நிறத்திலேயே கரும்புள்ளி போட்ட நாலு முட்டை. இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. அடி வெயில் மண்டையைப் பிளக்கிறது. அடைகாத்துக்கொண்டிருந்தது எழுந்து, கால்வாய்ப் பள்ளத்தில் கிடந்த தண்ணீருக்குப் போய், நிற்கவில்லை, தண்ணீருக்குள் உட்கார்ந்தது. வயிற்றை இரண்டு மூன்று தடவை அமுக்கி அமுக்கி எடுத்தது. குளிக்கிறது என்று நினைத்தேன். வயிற்று இறகெல்லாம் சொட்டச் சொட்ட, பறந்துகூடப் போகாமல் அந்த மஞ்சள் கால்களால் விடுவிடுவென்று வரப்பில் ஓடி, குழிக்குப் போய், முட்டை மேல் அப்படியே ஈரத்தோடு அமர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஜோடி வந்து மாற்றிவிட்டது, இது மறுபடி தண்ணீருக்குப் போனது. முட்டை வெந்துவிடாமல் குளிர வைக்க அவை இப்படிச் செய்யும் என்று பிறகு படித்தேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது படிப்பெல்லாம் ஞாபகம் வரவில்லை. அப்பாவின் சைக்கிள்தான் வந்தது. மத்தியானம் வயலிலிருந்து திரும்பும்போது முன்கம்பி கொதிக்கும். என்னை உட்கார வைப்பதற்கு முன் அப்பா துண்டைக் கால்வாயில் முக்கி, பிழியாமல், கம்பியில் சுற்றுவார். டவுசர் நனைந்துவிட்டதென்று நான் அழுவேன். முப்பது வருடமாக இது எனக்கு ஞாபகம் இல்லை.

இது யாருக்கும் பயன்படாத அர்த்தம். உங்களுக்கு ஆக்காட்டி வந்தால் சைக்கிள் வராது, வேறு என்னவோ வரும், வராமலும் போகலாம். நம் சங்கப் பாட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் கில்லாடிகள். குரங்கு பாட்டில் வந்தால் குரங்கு என்ன செய்யுமோ அதைத்தான் செய்யும், நாரை நாரையாகவே நிற்கும், தலைவியின் மனசு பக்கத்தில் சொல்லாமல் கிடக்கும். உள்ளுறை என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்தோமே, அதுதான்.

பதிலுக்கு என்ன செய்வது

தீனி போடாதீர்கள். பிஸ்கட், முறுக்கு, எதுவும். படம் எடுத்தால் கூடு இருக்கிற இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். இறகு, முட்டை, நகம் என்று ஞாபகார்த்தம் எடுக்கவே வேண்டாம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் வேட்டைக் கணக்கில்தான் சேரும். தாயத்துக்குக் கரடி மயிர், டாலருக்குப் புலி நகம் என்று யாராவது நீட்டினால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள்.

செய்யக்கூடியதும் இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். கால் மணி நேரம் மொட்டை மாடியில் நின்று எண்ணினாலும் சேர்த்துக்கொள்வார்கள். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, புதுசாக வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். திருப்புடைமருதூரில் ஆற்றங்கரை மருத மரங்களில் கூடு கட்டுகிற நாரைகளுக்காக 2005இல் ஒரு காப்பிடம் அறிவித்தார்கள், இந்தியாவிலேயே அந்த வகையில் முதலாவது, அதற்கும் பின்னால் ஊர்க்காரர்கள்தான் நின்றார்கள்.

நான் செய்தது சின்னது. கால்வாயில் தண்ணீர் விட்டதும் கார் போக நடவுக்கு உழவு. முட்டை இன்னும் பொரிக்கவில்லை. அடைக்கு நாலு வாரம் ஆகும். ஒத்தைப் பனையைச் சுற்றிக் கயிறு கட்டி, தண்ணீர் ஏறாமல் இருக்கச் சின்ன வரப்பும் போட்டுவிட்டு, அங்கே மட்டும் உழ வேண்டாம் என்றேன். டிராக்டர் ஓட்டி வந்த அண்ணன் இறங்கி வந்து குழியை எட்டிப் பார்த்தார். "என்னடே, குருவிக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டியா?" என்றார். ஆனால் வளைத்துத்தான் ஓட்டினார், நான் கட்டின கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளியே.

நாலில் மூன்று பொரித்தன. குஞ்சு பொரித்த வேகத்தில் குழியைவிட்டு ஓடிவிடுகிறது. தாய் ஒரு சத்தம் கொடுத்தால் இருந்த இடத்தில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும், மிதித்துவிடுவோமோ என்று காலை எடுத்து வைக்கவே பயமாக இருக்கும்.

வராத நாட்கள்

ஒரு நாள் நிற்கும். ஆவணியில் எனக்கு நின்றது. போனேன், இல்லை, போனேன், இல்லை என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறேன். இதற்கும் பலன் கேட்டு யாரிடமும் போகாதீர்கள். குஞ்சு வளர்ந்தால் இடம் மாறும், தண்ணீர் வற்றினால் மாறும், நாய் பெருத்தால் மாறும். காரணம் தெரியாமலும் போகும், அப்போது தெரியவில்லை என்று எழுதுங்கள்.

மறு வருடம் பங்குனியில் அம்மா வயலைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்பா போனதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் வரவில்லை. பைக்கில் கால்வாய்க் கரைவரை போய் இறங்கி, முன்னால் அவளை நடக்கவிட்டுப் பின்னால் நான் டார்ச் அடித்துக்கொண்டு வந்தேன். ஒத்தைப் பனைக்கு நேரே வரும்போது கிளம்பியது. அதே கத்தல், தலைக்கு மேலே, ஒரு சுற்று, இரண்டு சுற்று. அம்மா நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேலே பார்க்காமலே, "வாரேன், வாரேன். அதுக்குள்ள என்ன சத்தம்?" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கினாள்.

பங்குனி 3. காலை 5.50. ஒத்தைப் பனைக்கு நேரே. ஒன்று. கத்தியது. அம்மா கூட வந்தாள்.